அக்காவின் படிப்புக்குப் பூக்கட்டிப் பார்த்த வருடம்

போன வாரம் மாடி வீட்டுப் பெண் வந்து கதவைத் தட்டினாள். கோயம்புத்தூர்க்காரி. புருஷனும் பெண்டாட்டியும் கம்ப்யூட்டர் வேலை. பன்னிரண்டாவது முடித்த மகளையும் கூடவே கூட்டி வந்திருந்தாள்.

"ஆன்ட்டி, இவளுக்கு எகனாமிக்ஸும் கிடைச்சிருக்குங்க, பி.காமும் கிடைச்சிருக்குங்க. நீங்க புனேலயே பொறந்து வளந்தவங்க. எதுல சேத்தலாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று பொய் சொல்லி உள்ளே போய், வெறும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்தபோது அவர்கள் போயிருந்தார்கள். ஆன்ட்டிக்கு மரியாதை தெரியவில்லை போல என்று அந்தப் பெண் படியேறும்போது சொல்லியிருப்பாள். சொல்லட்டும்.

புனே தாபோடியில் என்னோடு வளர்ந்தவர்களே, நம் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் எல்லோரும் நல்ல நினைவுகளாகத்தான் எழுதுகிறீர்கள். கணபதி கரைக்கப் போனது, ஆற்றில் வெள்ளம் பார்த்தது, மழை நாளில் கரியடுப்பில் மக்காச்சோளம் சுட்டுத் தின்றது. நானும் அதையே எழுதலாம் என்று உட்கார்ந்தேன். கை வேறு பக்கம் போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். இதை எழுதி முடித்த பிறகு, இதை ஏன் எழுதினோம் என்று இன்னொரு கவலை வரும். அது என் பாடு.

எங்கள் வீடு ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம், தகரக் கூரை போட்ட வரிசையில் கடைசி. காலையில் ஃபாக்டரிச் சங்கு, நாம் போங்கா என்போமே, அது ஊதும். அந்தச் சத்தத்துக்குத்தான் நம் தெருவே எழுந்தது. இன்று அந்தச் சத்தம் இல்லை, பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். அப்பா ராணுவத் தொழிற்சாலையில் லேத் ஓட்டுபவர். அவர் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டாலும் எண்ணெய் வாடை போகாது. அவருக்குத் திருநெல்வேலிப் பக்கம். அம்மாவுக்கு ஆரணி. இருவரையும் சேர்த்து வைத்தது அந்தத் தொழிற்சாலைதான். அப்பாவோடு ஒரே ஷெட்டில் வேலை பார்த்த மாமா தன் தங்கையைக் கொடுத்தார். அதனால் எங்கள் வீட்டில் குழம்பு முதல் கும்பிடுகிற சாமி வரை எல்லாவற்றுக்கும் இரண்டு ஊர் வழக்கம் உண்டு. எந்த வழக்கம் ஜெயிக்கும் என்பது அன்றன்றைக்கு அப்பாவின் குரலைப் பொறுத்தது.

அக்கா என்னைவிட ஆறு வயது பெரியவள். பன்னிரண்டாவது காமர்ஸ் எடுத்துப் படித்தாள். அதில் எகனாமிக்ஸும் ஒரு பாடம். அந்த ஒரு பாடம் அவளைப் பிடித்துக்கொண்டது. மண்டை என்று நாம் சொல்லும் காய்கறிச் சந்தைக்கு அவளோடு போனால் சீக்கிரம் திரும்ப முடியாது. "பாரு, நேத்து இந்தத் தக்காளியை ரோட்டுல கொட்டிட்டுப் போனாங்க. இன்னைக்குக் கேட்டா இல்லைங்கறாங்க. ஏன்?" என்பாள். எனக்குக் கூடை பிடித்த கை வலிக்கும். அம்மா, "ஏன்னு கேட்டா அவன் இன்னா கொசுறா குடுக்கப் போறான்? நடடி" என்று முதுகில் தள்ளுவாள். அக்கா நடந்துகொண்டே கடைக்காரனிடம் மராத்தியில் கேட்பாள். அவனும் சிரித்துக்கொண்டு பதில் சொல்வான். தக்காளி விளையும் நாராயண்காவிலிருந்து எத்தனை வண்டி வந்தது, மழையில் எங்கே நின்றது என்றெல்லாம் சொல்வான். அந்தப் பேச்சைக் கேட்கும்போது அவள் முகம் ஒரு மாதிரி வெளிச்சமாக இருக்கும். நான் அதை வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

பரீட்சை முடிவு வந்தது. நல்ல மார்க். சிவாஜிநகர் பக்கம் ஒரு கல்லூரியில் பி.ஏ. எகனாமிக்ஸில் இடம் கிடைத்தது. சிஞ்ச்வட் பக்கம் இன்னொரு கல்லூரியில் பி.காமில் இடம் கிடைத்தது. இரண்டில் ஒன்றை வாரக் கடைசிக்குள் முடிவு செய்ய வேண்டும்.

நம் வரிசையில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் பேங்க் மாமாவிடம் போவோம், ஞாபகம் இருக்கிறதா? குமாஸ்தாதான். ஆனால் இஸ்திரி போட்ட சட்டையோடு வேலைக்குப் போய் அதே மடிப்போடு திரும்பி வந்த ஒரே மனிதர். எந்தப் பிள்ளைக்கும் அவர் வாயில் வரும் பதில் ஒன்றுதான்.

"பி.காம். போடுங்க. பேங்க் பரீட்சை எழுதலாம். எகனாமிக்ஸ்னா என்ன, பி.ஏ. தானே? பி.ஏ. வந்து மாப்பிள்ளை வர்ற வரைக்கும் பொண்ணுங்க பஸ்ல போயிட்டு வர்ற படிப்பு."

அப்பா வீட்டுக்கு வந்து அதையே சொன்னார். அக்கா முதல் முறையாக அவரை எதிர்த்துப் பேசினாள்.

"அப்பா, அது சும்மா பி.ஏ. இல்லப்பா. எகனாமிக்ஸ் ஸ்பெஷல். எனக்கு அதுதாம்பா வருது. கணக்கு எழுதுறது வரலப்பா."

"வராதது என்னட்டி இருக்கு? எழுத எழுத வரும்."

"வராதுப்பா."

அவள் சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. அப்பா கோபக்காரர் இல்லை. ஒரு பிள்ளை சாப்பிடாமல் இருந்தால் அவருக்கும் சோறு இறங்காது. தட்டில் கையை வைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "ஏன் இந்த வம்பு? வெள்ளிக்கெழம பூக்கட்டிப் பாத்துருவோம். சாமி என்ன சொல்லுதோ அதச் செய்வோம். நானும் பேச மாட்டேன், நீயும் பேசப்படாது."

அக்கா சம்மதித்தாள். பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது என்று நினைத்திருப்பாள்.

பூக்கட்டிப் பார்ப்பது உங்களுக்குத் தெரியும். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. இரண்டையும் ஒரே மாதிரி காகிதத்தில் பொட்டலம் கட்டிச் சாமி படத்தின் முன் போடுவார்கள். கேள்வியை மனதில் நினைத்துக்கொள்வார்கள். பெரியவளாகாத ஒரு பெண்பிள்ளை கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது நான்தான்.

காலையில் தலைக்குக் குளிப்பாட்டினார்கள். தாமிர பாய்லர் வெந்நீரின் புகை வாடை முடியிலேயே இருந்தது. வெளியே ஐப்பசி மழைபோலக் கொட்டியது, ஆனால் ஆனிதான். வெள்ளைக்கு மல்லிகை, சிவப்புக்குச் செம்பருத்தி. செம்பருத்தி கனமாக இருக்கும், தொட்டால் தெரிந்துவிடும் என்று அப்பா இதழ் இதழாகப் பிய்த்து ஒரே அளவாக வைத்தார். அவ்வளவு நேர்மையாகத்தான் செய்தார். முருகன் படத்துக்கு முன் விழுந்து கும்பிட்டு, "பி.காம்ல சேக்கலாமா, நீயே சொல்லு" என்று வாய்விட்டுக் கேட்டார்.

நான் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினேன். விரலில் முதலில் பட்டதை எடுத்தேன். பொட்டலத்தை அம்மா பிரித்தாள். மல்லிகை.

"வெள்ளை!" என்றார் அப்பா. "பாத்தியா, சரின்னுட்டான்."

அதே நேரத்தில் அம்மா அக்காவைக் கட்டிக்கொண்டாள். "வேணான்னுட்டாரு சாமி. நீ எகனாமிக்ஸே படிடி."

கொஞ்ச நேரம் யாருக்கும் எதுவும் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது. அப்பாவின் ஊரில் வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் கூடாது. அம்மாவின் வீட்டு வழக்கத்தில் சிவப்புதான் மங்கலம், அது வந்தால்தான் சரி. வெள்ளை வந்தால் அந்தக் காரியத்தைக் கைவிட வேண்டும். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இருவரும் இதைப் பேசிக்கொண்டதில்லை. அதற்கு முன் எங்கள் வீட்டில் சாமியிடம் கேட்கும்படி எதுவும் வந்ததில்லை.

"கேட்டது யாரு? நானு. அப்போ எங்க ஊரு வழக்கந்தான்" என்றார் அப்பா.

"பெத்தவ நானில்லையா? எங்க ஊட்ல வெள்ளை வந்தா கல்யாணத்தையே நிறுத்திடுவாங்க."

அக்கா மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, எது சரின்னு முதல்ல பேசிக்கிட்டு, இன்னொரு தடவை கேக்கலாமேப்பா."

"ஒரு தடவ சொன்ன சாமிகிட்ட திரும்பக் கேக்கதா? இது என்ன, ஃபெயிலானா அக்டோபர்ல திரும்ப எழுதுற பரீட்சையா?"

அம்மா அதற்கு மேல் பேசவில்லை. அன்று ஏன் பேசவில்லை என்று நான் எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். சாமி விஷயத்தில் சண்டை போட்டால் வீட்டுக்கு ஆகாது என்று பயந்திருப்பாள். நானாக இருந்தாலும் பயந்திருப்பேன். அன்றிலிருந்து எனக்கு எதையும் தேர்ந்தெடுக்க வராது. இன்றும் மண்டைக்குப் போனால் கத்தரிக்காயைக் கடைக்காரனையே பொறுக்கிப் போடச் சொல்வேன். சொத்தையாகப் போட்டாலும் வாங்கிக்கொண்டு வருவேன்.

அக்கா பி.காமில் சேர்ந்தாள்.

தாபோடி ஸ்டேஷனில் இரண்டு பக்கம் உண்டு. லோணாவளா பக்கம் போகும் வண்டியில் ஏறினால் பி.காம். கல்லூரி. எதிர்ப்பக்கம் புனே போகும் வண்டியில் ஏறினால் சிவாஜிநகர். தீபாவளி விடுமுறை முடிந்து ஒரு நாள் காலை, பள்ளிக்கூடம் போகிற வழியில் மேம்பாலத்தின் மேலிருந்து பார்க்கிறேன். அக்கா எதிர்ப்பக்கம் நிற்கிறாள். நெஞ்சோடு புத்தகத்தை அணைத்துக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் இரும்புத் தூணுக்குப் பின்னால். வண்டி வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

சாயங்காலம் குழாயடியில் நான் கேட்டபோது அவள் மறைக்கவில்லை.

"எகனாமிக்ஸ் கிளாஸ்ல போயி உக்காந்துக்கறேன்டி. கடைசி பெஞ்ச். ரோல் நம்பர்தான் கூப்பிடுவாங்க, பேர் கூப்பிட மாட்டாங்க. யாரும் கேக்கல."

"அட்மிஷன் இல்லாமலேயா?"

"பாடம் காதுல விழறதுக்கு அட்மிஷன் எதுக்கு?"

சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்தது, பயமாகவும் இருந்தது. அவளுடைய ரயில் பாஸ் சிஞ்ச்வட் பக்கம் மட்டும்தான் செல்லும். இந்தப் பக்கம் டிக்கெட் இல்லாமல்தான் போய் வந்தாள். டிக்கெட் பரிசோதகர் பிடித்துவிடுவாரோ என்று நான் பள்ளியில் உட்கார்ந்து தினமும் பயந்தேன். போங்கா ஊதினால் அவள் இந்நேரம் வந்திருப்பாளா என்று கணக்குப் போடுவேன். வீட்டுக்கு வந்து வாசலில் அவள் செருப்பைப் பார்த்தால்தான் மூச்சு வரும்.

அவள் பேச்செல்லாம் அந்த வகுப்பில் பாடம் எடுக்கும் மேடத்தைப் பற்றித்தான். மராத்திக்காரர். கஞ்சி போட்ட பருத்திப் புடவை கட்டுவார். கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் அவரும் ஒரு கேள்வி கேட்பார். "இன்னைக்கு நான் ஒண்ணு கேட்டேன்டி. மேடம் அப்படியே நின்னுட்டாங்க. நாளைக்கு யோசிச்சுட்டு வர்றேன்னாங்க. மேடமே!" என்று என் கையைப் பிடித்து உலுக்கினாள். அந்த இரண்டு மாதம்தான் அவள் நன்றாகச் சாப்பிட்டது என்று நினைக்கிறேன்.

சங்கராந்தி வந்தது. அம்மா இந்த ஊர் வழக்கத்தைப் பழகிக்கொண்டு, வருடா வருடம் பெண்களைக் கூப்பிட்டு மஞ்சள் குங்குமம் கொடுப்பாள். எள்ளும் வெல்லமும் காய்ச்சுகிற வாசனை தெருவெல்லாம் அடித்தது. பாயில் உட்கார்ந்திருந்த பேங்க் மாமி எள்ளுருண்டையைக் கடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏம்மா, உங்க பெரியவளுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? எங்க பொண்ணும் அதே கிளாஸ்தானே. தீபாவளிக்கப்புறம் இவளைப் பாக்கவே இல்லைங்கறா."

"இன்னா சொல்றீங்க? காலைலகூட டப்பா கட்டிக் குடுத்தேனே."

"அந்த டப்பாவை யார் சாப்பிடறாங்கன்னு பாரு" என்று மூலையில் இருந்த ஒருத்தி சொன்னாள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நான் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அதில் குங்குமம் சிந்தி மஞ்சளோடு கலந்துவிட்டது.

அன்று அப்பா வேலையிலிருந்து வந்ததும் வாசல் கதவைச் சாத்தினார். நம் வரிசையில் பகலில் யாரும் கதவைச் சாத்த மாட்டோம்.

"எவன் அவன்?" என்றார்.

அக்கா உண்மையைச் சொன்னாள். ஒன்று விடாமல் சொன்னாள். கல்லூரி, வகுப்பு, பெஞ்ச், மேடம் எல்லாவற்றையும்.

"அட்மிஷன் இல்லாத காலேஜ்ல எவளாவது போயி பாடம் கேப்பாளா? நான் என்ன கிறுக்கனா? எவன்னு கேக்கேன்."

"அப்பா, நேத்து என்ன பாடம் நடந்ததுன்னு சொல்லவா? கேளுங்கப்பா. மொத்தமும் சொல்றேன்."

"எனக்கு எதுக்கு உன் பாடம்?"

நண்பர்களே, இந்த இடத்தில்தான் எனக்கு இன்னும் மனது ஆறவில்லை. அவள் ஒருவனோடு சினிமாவுக்குப் போனேன் என்று சொல்லியிருந்தால் உடனே நம்பியிருப்பார்கள். அடித்திருப்பார்கள், அழுதிருப்பார்கள், பிறகு ஒரு நாள் மன்னித்தும் இருப்பார்கள். படிக்கப் போனேன் என்பதைத்தான் நம்ப முடியவில்லை. நல்லவர்கள்தான். ஒரு பெண் வீட்டுக்குத் தெரியாமல் போய்ப் படிப்பாள் என்பதை அவர்களால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அப்பா என்னைக் கூப்பிட்டார். "நீ பாத்தியாட்டி? யாரு கூடப் போவா?"

"யாரும் இல்லப்பா. தனியாத்தான் போவா. கிளாஸுக்குத்தாம்பா."

அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "இவளையும் பழக்கி வச்சிருக்கா பாரு."

வருகை போதாததால் பி.காம். கல்லூரியில் பரீட்சை எழுத விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அதைப் பற்றி வீட்டில் யாரும் கவலைப்படவில்லை. மாசியில் கல்யாணம். மாப்பிள்ளை சங்கரன்கோவில் பக்கம், அத்தை மகன்தான். அரிசிக் கடை. கல்யாணப் பத்திரிகையில் அக்கா பெயருக்குப் பின்னால் பி.காம். என்று அச்சடித்திருந்தார்கள். முதல் வருடப் பரீட்சைகூட எழுதாதவள். அந்தப் பத்திரிகையைக் கையில் வாங்கிப் பார்த்து அக்கா ஒரே ஒரு முறை சிரித்தாள்.

அவளுக்கு அங்கே அடி உதை ஒன்றும் இல்லை. புருஷன் சாதுவான ஆள். இரண்டு பையன்கள் பிறந்தார்கள். வருடங்கள் கழித்து நான் ஒரு முறை போயிருந்தபோது, அவள் முகத்தில் பழைய வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும் என்று நானே பேச்சை இழுத்தேன். "ஏன்க்கா, தக்காளி திடீர்னு இப்படி ஏறிடுச்சே, ஏன்?" என்றேன். அவள் உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டே, "ஏறிடுச்சு, அவ்ளோதான்" என்றாள். போன வருடம் கார்த்திகையில் போய்விட்டாள். சர்க்கரை வியாதி. நான் போய்ச் சேருவதற்குள் எடுத்துவிட்டார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அக்காவுக்குக் கல்யாணமான அதே வருடம் ஜூன் மாதத்தைப் பற்றி. மழை பிடித்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் திறக்க இன்னும் சில நாட்களே இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சேறு படிந்த புடவைக் கரையோடு ஒரு அம்மா எங்கள் வாசலில் வந்து நின்றார். அக்கா எப்போதோ தாபோடி என்று சொன்னதை வைத்துக்கொண்டு, தமிழ்க்காரர்கள் வரிசை எது என்று கேட்டுக் கேட்டு வந்திருக்கிறார். அக்கா பெயரைச் சொன்னார். எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

அப்பா பனியனோடு இருந்தவர் அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டார். எங்களிடம் இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அம்மா அவலைத் தாளித்துத் தட்டில் வைத்தாள். மேடம் இந்தியில் பேசினார். அப்பாவுக்குத் தொழிற்சாலை இந்தி நன்றாக வரும்.

"பரீட்சை ஹாலில் தேடினேன், காணவில்லை. ஆபீசில் கேட்டால் அப்படி ஒரு மாணவியே இல்லை என்கிறார்கள். சங்கராந்தி வரைக்கும் ஒரு நாள் தவறாமல் என் வகுப்பில் இருந்தாள். இவ்வளவு வருடத்தில் அப்படி ஒரு பெண்ணை நான் பார்த்ததில்லை. எங்கே அவள்?"

அப்பா தரையைப் பார்த்தார். அந்த ஒரு நிமிடம் அவர் முகத்தில் ஏதோ உடைந்தது. நான் பார்த்தேன்.

"கல்யாணம் ஆயிடுச்சு மேடம்" என்றார். "நல்ல இடம்."

"என் வகுப்பில் பாதி பெஞ்ச் காலியாகக் கிடந்தது. போன வருடம் ஆகஸ்ட் வரைக்கும் கல்லூரி மாற்றிக்கொண்டிருக்கலாம். ஒரு வார்த்தை வந்து கேட்டிருந்தால் நானே சேர்த்திருப்பேன். எகனாமிக்ஸ் படிக்க வேண்டும் என்று அவள் உங்களிடம் கேட்கவில்லையா?"

"இல்ல மேடம்" என்றார் அப்பா. "கேக்கவே இல்ல."

அம்மா அவல் தட்டை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளினாள்.

மேடம் ஒரு கைப்பிடிகூடச் சாப்பிடவில்லை. எழுந்தார். வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, தங்கையா என்று கேட்டார். என் ஈரத் தலையில் கை வைத்தார். அந்தக் கை சூடாக இருந்தது.

"நீ எத்தனையாவது?"

எட்டாவது போகப் போகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் அப்பா முந்திக்கொண்டார்.

"ஏழாவதோட நிறுத்திட்டோம் மேடம். பொம்பளப் பிள்ளைக்குப் போதும்."

அந்த நிமிடம் வரை எனக்கு அது தெரியாது. அம்மாவைப் பார்த்தேன். அவளுக்குத் தெரிந்திருந்தது.

மேடம் அப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டார். மழை வலுத்தது. அப்பா மூலையிலிருந்து தன் பெரிய கறுப்புக் குடையை எடுத்து விரித்தார். ஸ்டேஷன் வரைக்கும் மேடத்துக்கு ஒரு சொட்டு படாமல் பிடித்துக்கொண்டு, தான் முழுக்க நனைந்துகொண்டே நடந்து போனார். வாத்தியார்கள் என்றால் அவருக்கு அவ்வளவு மரியாதை.